‘வந்தேன், வென்றேன்’ வேண்டாம்: முன்னேற்ற ராப் எழுதப் பழகுவோருக்கு

கஷ்டப்பட்டு வந்தேன்
கண்ணீர் சிந்தி நின்றேன்
எதிரிகளை வென்றேன்
உச்சம் தொட்டுச் சென்றேன்

கஷ்டத்திலிருந்து மேலே வந்த கதையை முதன்முதலாக ராப்பாக எழுத உட்காருபவரின் நோட்டில் முதல் பக்கம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நாலு வரியும் ஒரே ஓசையில் முடிகிறது, எழுதியவருக்குச் சந்தோஷம். ஆனால் பீட் போட்டுப் பாடினால் நாலாவது வரிக்குள் சலித்துவிடும். காரணம் எளிது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், தன்மை ஒருமை என்றால் ‘ஏன்’ என்று முடியும். ஆக இந்த இயைபு உழைக்காமலே கிடைத்துவிடுகிறது. கேட்பவர் காதும் அதைக் கண்டுகொள்வதில்லை. வீட்டுல, ரோட்டுல, நெஞ்சுல என்று வேற்றுமை உருபில் முடிப்பதும் இதே சோம்பல்தான்.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. இந்த நாலு வரியை யார் வேண்டுமானாலும் பாடலாம். கஷ்டம் என்ன, எதிரி யார், உச்சம் எது என்று ஒன்றும் இல்லை. ஏளனம் செய்தவர்களையும் சபலங்களையும் தாண்டி மேலே வந்த கதையை ஆயிரம் பேர் பாடிவிட்டார்கள். கதை பழையதுதான், அதனால் பாடும் ஆள் புதிதாக இருந்தாக வேண்டும்.

பீட்டைப் பிடிப்பது

வரி எழுதும் முன் பீட் தேர்ந்தெடுங்கள். பேப்பரில் எழுதிவிட்டுப் பிறகு பீட் தேடினால் வரிகளைப் பாதியாவது உடைக்க வேண்டி வரும். பழகுபவருக்கு 85 முதல் 95 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) வரை உள்ள பீட் சரி. 140 பிபிஎம் டிராப் (trap) வகை பீட்டில் ஸ்நேர் டிரம்மின் அடி மூன்றாவது எண்ணிக்கையில் விழும், வேகம் 70 போலக் கேட்கும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். அது ஆறு மாதம் கழித்து.

பீட்டை ஓடவிட்டு 1, 2, 3, 4 என்று எண்ணுங்கள். 2லும் 4லும் ‘டப்’ என்று அடிப்பது ஸ்நேர். நாலு எண்ணிக்கை ஒரு பார். 90 பிபிஎம்மில் ஒரு பார் சுமார் 2.67 நொடி, 16 பார் வெர்ஸ் (கதை சொல்லும் பகுதி) ஏறக்குறைய 43 நொடி. அறிமுகம் 4 பார், ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) 8, வெர்ஸ் 16, ஹூக் 8, வெர்ஸ் 16, ஹூக் 8 என்று கூட்டினால் 60 பார், அதாவது 2 நிமிடம் 40 நொடி. முதல் பாட்டுக்கு இது போதும். மூன்றாவது வெர்ஸ் எழுத ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சொல் வருவதற்கு முன் ஓசை வரட்டும். சினிமாவில் மெட்டுக்கு எழுதுபவர்கள் தத்தகாரம் என்பார்கள். ‘தன்ன தான தனதன’ என்று வெறும் ஓசையாகப் பாடி, அதன் மேல் சொல்லை உட்கார வைப்பது. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டுக்கு மேலே ‘தனதன’ என்று சந்தக் குழிப்பு அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ராப்பில் ஃப்ளோ என்று சொல்வதும் இதுதான். போனில் பீட்டை ஓடவிட்டு இரண்டு நிமிடம் வெறும் ‘தகதக’ பாடிப் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு எட்டு பாராவது தேறும்.

பாடுகிற ஆளை முடிவு செய்வது

‘நான்’ என்று பாடப் போகும் ஆள் யார்? அவருக்கு ஒரு வேலை, ஒரு இடம், கையில் ஒரு பொருள், ஏதாவது ஒரு நேரம் வேண்டும். இங்கே உதாரணத்துக்கு ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம்: சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞன், ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனில் ராப் எழுதுகிறான். இனி வரும் வரிகள் எல்லாம் அவனுடையவை.

அவனுக்கு முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். மழைக்கோட்டு, கீறல் விழுந்த ஸ்கிரீன், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, ஆறிப்போன தன் சாப்பாடு, லேட் என்று திட்டும் கஸ்டமர். இருபது பொருளாவது வர வேண்டும். வலி, கனவு, போராட்டம், விடியல் மாதிரியான சொற்கள் பட்டியலில் நுழைந்தால் அடித்துவிடுங்கள். அவை பொருள்கள் இல்லை, சுவரொட்டி வாசகங்கள்.

பேச்சு வழக்கையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சென்னைப் பையன் ‘நிமிஷம்’ என்பதை ‘நிம்சம்’ என்பான், மதுரைக்காரர் வேறு மாதிரி, யாழ்ப்பாணத்துக்காரர் முற்றிலும் வேறு. ‘இருக்கிறது’ என்று ஒரு வரி, ‘கீது’ என்று அடுத்த வரி என்றால் ஆள் கலைந்துவிடும். வேண்டுமென்றே மாற்றலாம், கேலிக்காக. தெரியாமல் மாறக் கூடாது.

ஒரு வரியை அளப்பது

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவாகும். ஒரு பாரில் 16 சின்னக் கட்டங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு எண்ணிக்கைக்கு நாலு. 90 பிபிஎம்மில் நொடிக்கு ஆறு கட்டம் ஓடும். உங்கள் வரியில் உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணுங்கள், மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. 10 முதல் 14 வரை வசதி. 16ஐயும் நிரப்பினால் மூச்சு எடுக்க இடம் இருக்காது.

டெலிவரிப் பையனின் முதல் இரண்டு வரி, முதல் வரைவில் இப்படி வந்தது என்று வையுங்கள்:

சூடு ஆறாத சாம்பாரு, ஆறிப் போச்சு என் சோறு
அஞ்சு நிமிஷம் லேட்டுக்கு அவரு வெச்ச பேரு நூறு

முதுகுப் பையில் இருக்கும் கஸ்டமரின் சாம்பார் சூடாக இருக்கிறது, இவன் சோறு ஆறிவிட்டது. பொருள் நன்றாக இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: இரண்டாவது வரி 17. பாரை விட்டு வழிகிறது. வழிந்தால் பாடுபவர் வேகத்தைக் கூட்டுவார், சொல் மெல்லப்பட்டுவிடும், கேட்பவருக்கு ‘பேரு நூறு’ காதில் விழாது. பஞ்ச் போச்சு.

வெட்டலாம். ‘அவரு’ தேவையில்லை, யார் திட்டினார் என்று புரிகிறது. 17 இப்போது 14. ‘நிமிஷம்’ அவன் வாயில் ‘நிம்சம்’, ஆக 13. முதல் வரியில் இலக்கணமே உதவிக்கு வருகிறது: குற்றியலுகரத்துக்குப் பின் உயிர் வந்தால் உகரம் போய்விடும். ‘சூடு ஆறாத’ என்பது ‘சூடாறாத’ ஆகும், ‘போச்சு என்’ என்பது ‘போச்சென்’ ஆகும். அதுவும் 13. இப்போது கட்டத்தில் வைப்போம். கோடு ஒரு கட்டம் இடைவெளி.

சூ டா றா த | சாம் பா ரு – | ஆ றிப் போச் சென் | சோ – று –
அஞ் சு நிம் சம் | லேட் டுக் கு – | வெச் ச பே ரு | நூ – று –

ஸ்நேர் விழும் இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையின் தொடக்கத்தைப் பாருங்கள்: சாம், சோ, லேட், நூ. நாலும் நெடில். அடி விழும் இடத்தில் நெடில் இருந்தால் சொல் நிமிர்ந்து நிற்கும். குறில் அங்கே மாட்டிக்கொண்டால் தப்பில்லை, ஆனால் அடுத்து வல்லின ஒற்று வேண்டும்: ‘வெட்டு’, ‘தட்டு’, ‘மொக்க’ மாதிரி. இரட்டித்த க், ச், ட், த், ப், ற் இவை எல்லாம் தமிழில் இலவசமாகக் கிடைக்கும் டிரம்.

‘சோறு–நூறு’ இயைபும் ஆகிறது, இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும் ஆகிறது. இரண்டும் பெயர்ச்சொல், உருபு ஒட்டாதவை. ‘ஏன்’ பிடியிலிருந்து தப்பிக்க எளிய வழி இதுதான்: வினையை வரியின் நடுவில் போட்டு, பெயரைக் கடைசியில் வையுங்கள். பேச்சுத் தமிழ் இதற்கு இடம் கொடுக்கும். ‘நூறு பேரு வெச்சாரு’ என்பதைக் கோபத்தில் ‘வெச்ச பேரு நூறு’ என்று நாமே சொல்வோமே.

பதினாறு வரியையும் இப்படி அளக்கச் சொன்னால் கை சலிக்கும். முதல் நாலு வரிக்குச் செய்யுங்கள். பிறகு காதே எண்ணத் தொடங்கிவிடும்.

ஏசுபவனுக்கு ஒரு வரி கொடுங்கள்

‘ஹேட்டர்ஸ்’ என்று பொதுவாகத் திட்டும் பாட்டுக்குப் பலம் இல்லை. முகமில்லாத கூட்டத்தோடு சண்டை போடுபவரைப் பார்த்தால் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு ஆளை, அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தோடு கொண்டுவாருங்கள்.

புறநானூற்றில் 72ஆம் பாட்டு இந்த வேலையை அழகாகச் செய்கிறது. தலையாலங்கானத்துப் போருக்கு முன் பாண்டியன் நெடுஞ்செழியன் உரைத்த வஞ்சினம் அது. அதன் அடுக்கைக் கவனியுங்கள். முதலில் எதிரிகள் சொன்னதை அப்படியே சொல்கிறான்: ‘இளையன் இவன்’ என்றார்களாம். அடுத்து அவர்களிடம் இருப்பதைக் குறைக்காமல் அடுக்குகிறான்: யானை, தேர், குதிரை, மறவர். அதற்குப் பிறகுதான் சபதம். அந்தச் சபதத்திலும் ‘வெல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகட்டும்’ என்பது வருகிறது: குடிமக்கள் கண்ணீர் விட்டுக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை வரட்டும் என்கிறான். ஏளனம் எது, எதிரியின் பலம் எவ்வளவு, தோற்றால் எனக்கு என்ன போகும் என்ற மூன்றும் இருக்கின்றன. பழகுபவர்கள் மூன்றாவதை எப்போதும் விட்டுவிடுகிறார்கள். இழக்க ஒன்றுமில்லாதவனின் சவாலை யார் காது கொடுத்துக் கேட்பார்?

நம் பையனுக்கு எதிரி அரசர்கள் இல்லை, மாமா இருக்கிறார்:

‘ராப்பு கீப்புனு சுத்துறியே, மாசம் எவ்ளோ தேறும்?’
மாமா, உன் கேள்விய வெச்சே மூணு பாட்டு ஏறும்

மாமாவின் கேள்வி நியாயமான கேள்வி. அதனால்தான் குத்துகிறது. பதிலில் வசவு இல்லை, கேள்வியையே சரக்காக்கிவிட்டான். ‘தேறும்–ஏறும்’ வினைதான், ஆனால் ‘ஏன்’ இல்லை. ஒன்று அவர் வாய், மற்றது இவன் வாய். இரண்டு குரலாக மாறும்போது ஒரே ஓசை பதிலடியாகக் கேட்கும்.

வசவு வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நிறம், உடம்பு, சாதி, தாயைத் தொட்டுத் திட்டும் வரி பஞ்ச் ஆகாது, கேட்பவர்களில் பாதிப்பேர் அதே வசவை வாங்கியவர்களாக இருப்பார்கள். உண்மையான ஆளின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால், இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, அதாவது அவதூறு, பாயலாம். பெயர் இல்லாமல் எழுதினால் வரி கூர்மையாகவும் இருக்கும்.

சபலம் இனிக்க வேண்டும்

இதில்தான் பெரும்பாலான பாட்டுகள் பிரசங்கமாகிவிடுகின்றன. ‘போதை வேண்டாம் தம்பி’ என்ற தொனி வந்ததும் ராப் செத்துவிடும். சபலம் என்பது நல்ல சிநேகிதன் குரலில், சரியான நேரத்தில், நிஜமாகவே தேவைப்படும் ஒன்றைக் கொண்டு வருவது. பையனுக்கு வண்டி டியூ பாக்கி. அப்போது ஒரு மெசேஜ்:

‘ஒத்த வீடியோ போடு மச்சி, ஒரு லட்சம் துட்டு
ஆப்பு பேரச் சொல்லு போதும், ஆட வேணாம் தொட்டு’
சொன்னா எனக்கு லட்சம், கேட்டவனுக்கு ஆப்பு
ரெண்டு நாளா யோசிச்சேனே, அதுதான் என் தப்பு

சூதாட்ட ஆப் விளம்பரம். ‘ஆப்பு’ என்ற சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. மொபைல் ஆப்பும் அதுவே, மரத்தைப் பிளக்க அடிக்கும் ஆப்பும் அதுவே. இந்த மாதிரி சிலேடை கிடைத்தால் விளக்கம் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.

நாலாவது வரிதான் இந்தப் பகுதியின் உயிர். இவன் உடனே மறுக்கவில்லை, இரண்டு நாள் யோசித்தான். சறுக்கல் இல்லாத கதாநாயகனை யாரும் நம்ப மாட்டார்கள். இலக்கணம் பார்ப்பவர்கள் ‘ஆப்பு–தப்பு’ எதுகை ஆகாது என்பார்கள், முதலெழுத்து ஒன்று நெடில், மற்றது குறில். உண்மைதான். ஸ்நேர் மேல் ‘தப்பு’ விழும்போது ப்-ஐக் கொஞ்சம் அழுத்தினால் காது மன்னித்துவிடும். எல்லா வரியிலும் மன்னிப்புக் கேட்கக் கூடாது, அவ்வளவே.

பெண்ணையே சபலமாக நிறுத்துவது இந்த வகைப் பாட்டுகளில் தேய்ந்த வழக்கம். எழுத ஒன்றும் தோன்றாதபோது கை அங்கே போகும். வேறு சபலங்கள் எத்தனையோ: காசு கொடுத்து வியூஸ் வாங்குவது, ஹிட்டான ஃப்ளோவை அப்படியே எடுப்பது, முன்பணத்துக்காகப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது, ‘ஒரு இழுப்பு இழுத்தா வரி வரும்’ என்கிற நண்பன்.

ஹூக்

ஹூக்கில் சொல் குறைவாக இருக்கட்டும், மெய்யை விட்டு எண்ணினால் ஒரு பாருக்கு 8 எழுத்துக்கு மிகாமல். கூட்டம் திருப்பிச் சொல்லும் சொல்லில் இழுக்க ஒரு நெடில் வேண்டும். பட்டியலில் இருந்த பொருளிலிருந்தே எடுங்கள். நமக்கு லிஃப்ட் இல்லாத மாடி இருக்கிறது:

லிஃப்ட்டு இல்ல – படியேறு
ஆள் பாக்கல – படியேறு
அவன் கூப்டா – படியேறு
மூச்சிருக்கா – படியேறு

இடப்பக்கம் பாடுபவர், வலப்பக்கம் கூட்டம். ‘யே’ இழுபடும். மூன்றாவது வரியில் ‘அவன்’ யார் என்று முதல் ஹூக்கில் தெரியாது. இரண்டாவது வெர்ஸில் அந்த மெசேஜ் வந்த பிறகு தெரியும். ஒரே சொல் மூன்றாம் முறை வரும்போது கனம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் வெர்ஸில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

வெற்றியைக் காட்டுவது

கார், செயின், பங்களா என்று போகத் தோன்றும். வாங்காத காரைப் பற்றிப் பாடினால் குரலிலேயே தெரிந்துவிடும். முதல் வெர்ஸில் வந்த பொருளையே திரும்பக் கொண்டுவந்து, அதில் ஒன்று மட்டும் மாறியிருப்பதாகக் காட்டுங்கள்:

கதவத் தொறந்தாரு, போன்ல ஓடுது எம்பாட்டு
வாங்கி மூடிட்டாரு, படியெறங்குது பீட்டு

அதே மாடி. கஸ்டமர் போனில் இவன் பாட்டு. பாடியவன் எதிரில் நிற்பது அவருக்குத் தெரியாது, பார்சலை வாங்கிக் கதவை மூடிவிட்டார். ‘ஜெயித்தேன்’ என்ற சொல்லே வரவில்லை.

மூச்சும் பதிவும்

எழுதி முடித்ததும் இரண்டு பாருக்கு ஒருமுறை மூச்சுக் குறி போடுங்கள். 70 பிபிஎம்மில் தொடங்கி 80, பிறகு 90. எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே பயிற்சியைக் கூட்டாமல் சொல்லை மாற்றுங்கள். ‘ற’வும் ‘ர’வும் ‘ல’வும் ‘ள’வும் நெருங்கி வந்த இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பதிவுக்குத் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதைப் பார்த்து நின்றால் எதிரொலி குறையும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. ‘ப’ வரும்போது காற்று அறையும், அதனால் மைக்கை நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். அதிகபட்ச அளவு மைனஸ் 6 டெசிபல் அருகே நிற்கட்டும். சிவப்பில் போய் உடைந்த குரலைச் சரிசெய்ய முடியாது. பீட்டை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். முழு வெர்ஸையும் டபுள் செய்ய வேண்டாம், வரியின் கடைசிச் சொல்லை மட்டும் இரண்டாம் முறை பாடி அடியில் வைத்தால் ‘சோறு’, ‘நூறு’ தடித்து நிற்கும். மாமாவின் கேள்விக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,400க்கு மேலேயும் உள்ள ஒலியை வெட்டிவிட்டால் போனில் பேசுவது போலக் கேட்கும். தனி ஆள் தேவையில்லை.

வெளியிடும் முன்

‘ஃப்ரீ பீட்’ என்று யூடியூபில் இருப்பவை பெரும்பாலும் காசு சம்பாதிக்காத வரைதான் இலவசம். விவரப் பகுதியைப் படியுங்கள். லீஸ் என்றால் அதே பீட்டை இன்னும் பத்துப் பேர் பயன்படுத்தலாம், எக்ஸ்க்ளூசிவ் என்றால் உங்களுக்கு மட்டும். பீட்டுக்குள்ளே பழைய சினிமாப் பாட்டின் சாம்பிள் (வெட்டி எடுத்த துண்டு) இருந்தால் பீட் விற்றவரின் அனுமதி மட்டும் போதாது.

எவராவது முன்பணம் தந்து கையெழுத்துக் கேட்டால், இந்தியாவில் 2012 பதிப்புரிமைத் திருத்தத்தை நினைவில் வையுங்கள். பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், அதன் பயன்பாட்டில் வரும் ராயல்டியில் எழுதியவருக்கு உரிய சமபங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதி வாங்க முடியாது. அந்தப் பங்கை வசூலிக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தில் பாடலாசிரியராகப் பதிவு செய்யலாம். பீட் போட்டவருக்கு எத்தனை சதவீதம், எழுதியவருக்கு எத்தனை என்பதை வெளியீட்டுக்கு முந்தைய நாளாவது ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜாகவேனும் எழுதி இருவரும் ‘சரி’ என்று பதில் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்நூறு வியூஸ் இருக்கும்போது பேசுவது சுலபம், ஐந்து லட்சம் ஆன பிறகு சிநேகிதமே கெட்டுவிடும்.